மைண்ட்ஃபுல்னஸ் பழகினால் முதுகுவலி குறையுமா? எனக்குக் கூடியல்லவா இருக்கிறது?

கேள்வியின் சுருக்கம் இது: கீழ்முதுகின் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி இரண்டு வருடமாக முதுகுவலி. ஆபரேஷன் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாத்திரையும் பிசியோதெரபியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. செல்போனில் ஒரு செயலியை வைத்து மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் உடம்பிலும் மனசிலும் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி) பழகிப் பார்த்தால், கண்ணை மூடியதுமே வலி இரண்டு மடங்காகத் தெரிகிறது. கூடவே எரிச்சல், சில நாள் அழுகை. இது உண்மையிலேயே பலன் தருமா, தரும் என்றால் எப்படிச் செய்ய வேண்டும்?

பலன் தரும். ஆனால் வலி மாத்திரை போட்டால் கேட்பது போலக் கேட்காது. "குறைஞ்சுதா, இப்பக் குறைஞ்சுதா" என்று இருபது நிமிடமும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். வலி கூடித் தெரிந்ததற்கு முதல் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது காரணம், எடுத்த எடுப்பிலேயே அதிகம் வலிக்கிற இடத்தில் கவனத்தைக் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டையும் திருத்த முடியும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மருத்துவர் பார்த்து, ஆபத்தான காரணம் இல்லை என்று சொன்ன வலிக்கு மட்டுமே கீழே உள்ளது பொருந்தும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழப்பது, உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, காலில் புதிதாகப் பலம் குறைவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை இறங்குவது, இதில் எது வந்தாலும் தியானம் செய்து பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர் நெஞ்சுவலிக்கும், இதுவரை வராத கடுமையோடு சட்டென்று தாக்கும் தலைவலிக்கும் இதே விதிதான்.

வலிக்குள் என்னென்ன கலந்திருக்கிறது

வலி என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் அதற்குள் நான்கு சரக்கு கலந்து கிடக்கிறது. ஒன்று, அந்த இடத்தின் வெறும் உடலுணர்வு: இழுப்பு, எரிச்சல், குத்தல். இரண்டு, அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு: பல்லைக் கடிப்பது, மூச்சைப் பிடிப்பது, இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளை விறைப்பாக வைத்துக்கொள்வது. மூன்று, நினைப்பு: "ஜவ்வு இன்னும் கொஞ்சம் விலகிடுச்சு போல", "இப்படியே படுத்த படுக்கையாயிட்டா?" நான்கு, அந்த நினைப்போடு ஒட்டிக்கொண்டு வரும் பயம், ஆத்திரம், சலிப்பு.

இந்த நான்கும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. பயந்தால் தசை இறுகும். மணிக்கணக்கில் இறுகிய தசை அதுவே தனியாக வலிக்கும். அந்த வலி பயத்தை உறுதிப்படுத்தும். மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் தண்டுவடமும் மூளையும் சின்னத் தூண்டலுக்குக்கூடப் பெரிதாக எதிர்வினை காட்டப் பழகியிருக்கும். உடல் திசுக்கள் எந்த அளவு சேதமாகியிருக்கின்றன என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் அப்போது நேர் கணக்கு கிடையாது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பார்த்த சொல்லும் பயத்துக்குத் தீனி போடும். எந்த முதுகுவலியும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் 40 வயதினரில் பாதிப் பேருக்கும் ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது. உங்கள் வலி கற்பனை என்று இதற்கு அர்த்தமில்லை. நிமிர்ந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் "உள்ளே எதுவோ கிழிகிறது" என்று நினைக்க வேண்டியதில்லை என்றுதான் அர்த்தம்.

நான்கில் முதல் சரக்கின் மேல் நமக்கு அதிகப் பிடி இல்லை. மற்ற மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். மைண்ட்ஃபுல்னஸ் செய்கிற வேலை இந்தப் பிரித்தல்தான். பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இதன் பெயர் "சதி". தமிழில் அப்படியே எழுதினால் யாரோ சூழ்ச்சி செய்கிற மாதிரி ஆகிவிடும். தமிழ்ப் பௌத்த வழக்கில் எண்வழிப் பாதையின் ஏழாவது உறுப்புக்கு "நற்கடைப்பிடி" என்ற அழகான பெயர் உண்டு. சிலர் "மனநிறைவு" என்று மொழிபெயர்க்கிறார்கள். அது தவறு என்பதோடு தீங்கும் செய்யும்; உட்கார்ந்தால் மனம் நிறைந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்க வைத்துவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வது

மருத்துவமனைக்குள் இதைக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஜின். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத நோயாளிகளுக்காக அவர் தொடங்கியதுதான் இன்று எம்.பி.எஸ்.ஆர். (மைண்ட்ஃபுல்னஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைத்தல்) எனப்படும் பயிற்சி. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், வீட்டில் தினமும் 45 நிமிடம், நடுவே ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி. 1982இல் அவர் வெளியிட்ட முதல் ஆய்வில் 51 நாள்பட்ட வலி நோயாளிகள் பத்து வாரம் பயின்றார்கள். 65 சதவீதத்தினருக்கு வலி மதிப்பெண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. அந்த எண்ணை வைத்து இன்றும் விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்தும் நல்ல ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2016இல் வந்தது. நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 342 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: எம்.பி.எஸ்.ஆர்., சி.பி.டி. எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சை, வழக்கமான மருத்துவம் மட்டும். 26 வாரம் கழித்து, அன்றாட வேலைகளைச் செய்வதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 60.5, 57.7, 44.1 சதவீதம். "வலி எவ்வளவு தொந்தரவு செய்கிறது" என்ற கேள்வியில் முன்னேறியவர்கள் 43.6, 44.9, 26.6 சதவீதம். பலன் உண்டு, அதிசயம் இல்லை, சி.பி.டி.யைவிட மேலும் இல்லை. அதே ஆய்வில், எம்.பி.எஸ்.ஆர். வகுப்புக்கு ஒருமுறையாவது வந்தவர்களில் 29 சதவீதத்தினர் ஏதோ ஒரு தொல்லை வந்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலும் யோகப் பயிற்சியின்போது தற்காலிகமாகக் கூடிய வலி. ஆகவே வலி கூடிய முதல் ஆள் நீங்கள் இல்லை.

பனிக்கட்டியில் தொடங்குங்கள்

நீச்சல் பழக யாரும் கடலில் இறங்குவதில்லை. முதுகில் உள்ள பெரிய வலியோடு நேரே மோதாமல், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு சின்ன வலியில் பழகுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பனிக்கட்டியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சர்க்கரை நோயால் கை மரத்திருப்பவர்கள், குளிரில் விரல் வெளுத்துப்போகிறவர்கள் இதைத் தவிர்த்துவிட வேண்டும்.

முதல் பத்து விநாடி சில்லென்று இருக்கும். பிறகு அது கடுக்கத் தொடங்கும், அதற்குப் பிறகு எரிச்சலாக மாறும். அந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும்: தோள் மேலே ஏறியிருக்கிறதா? மூச்சு நின்றிருக்கிறதா? "போதும், கீழே போடு" என்ற குரல் எந்த விநாடியில் வந்தது? மூச்சை வெளியே விட்டுத் தோளை இறக்குங்கள். கையில் உள்ள கடுப்பு அப்படியே இருக்கும். ஆனால் அதைச் சுற்றியிருந்த போராட்டம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். மேலே சொன்ன நான்கு சரக்கையும் ஒரே நிமிடத்தில் தனித்தனியாகக் காட்டும் பயிற்சி இதைவிட எளிதாக வேறு கிடைக்காது. மூன்று நாள் செய்தால் போதும்.

உடலை வலம் வருதல்

அடுத்தது பாடி ஸ்கேன் என்று சொல்லப்படும் பயிற்சி. பர்மாவின் தியான ஆசிரியர் ஊ பா கின்னின் மரபில் உடல் முழுதும் கவனத்தைப் படிப்படியாக நகர்த்தும் முறையிலிருந்து எடுத்து, படுத்தபடி செய்வதற்கு மாற்றியது இது.

முதுகுவலிக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்து தொடங்க வேண்டாம். தரையில் பாயும் அதன் மேல் கனமான ஜமுக்காளமும் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை, அல்லது கெண்டைக்கால்கள் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழ்முதுகின் இழுப்பு அதில் பாதி விட்டுவிடும். மல்லாக்கப் படுக்க முடியாவிட்டால் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்கலாம். சாப்பிட்ட உடனே வேண்டாம். ராத்திரி தூங்கப் போகும்போது செய்தால் தூக்கம் வரும், பயிற்சி நடக்காது. பக்கத்து வீட்டு மிக்சி ஓடினால் ஓடட்டும். சத்தமில்லாத இடம் தேடினால் நம் ஊரில் ஒருநாளும் தொடங்க முடியாது.

இருபது நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள்: இடது கால் விரலில் தொடங்கித் தொடை வரை 4 நிமிடம், வலது கால் 4, இரண்டு கைகளும் சேர்த்து 4, வயிறும் நெஞ்சும் 3, முதுகு 2, கழுத்தும் முகமும் 3. வழக்கமான வரிசையில் இடுப்பும் முதுகும் கைகளுக்கு முன்பே வரும். முதுகுவலிக்காரர் அதைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. நன்றாக இருக்கிற இடங்களில் கவனம் வேரூன்றிய பிறகு முதுகுக்கு வந்தால் அது உங்களை அடித்துக்கொண்டு போகாது. முதல் வாரம் முதுகுக்கு அரை நிமிடம் போதும். மீதி ஒன்றரை நிமிடத்தைப் பாதத்துக்குக் கொடுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இப்போது இங்கே என்ன தெரிகிறது என்று பார்ப்பது. துணி உரசுவது, சூடு, பாரம், துடிப்பு. ஒன்றும் தெரியவில்லை என்றால் "ஒன்றும் தெரியவில்லை" என்பதே அந்த இடத்தின் செய்தி. அடுத்த இடத்துக்கு நகருங்கள். மனம் நாளைக்குக் கட்ட வேண்டிய கரண்ட் பில்லுக்கு ஓடும். ஓடியது தெரிந்த கணம்தான் பயிற்சியின் சாரம். ஐம்பது முறை ஓடினால் ஐம்பது முறை திரும்பக் கூட்டிவருவது. தோல்விக் கணக்கு எழுதாதீர்கள். தூங்கிவிட்டால் அடுத்த முறை கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வலியின் ஓரத்துக்குப் போவது எப்படி

மூன்றாம் வாரத்திலிருந்து முதுகின் பக்கம் போகலாம், நடுவுக்கு அல்ல, ஓரத்துக்கு. வலி எந்த இடத்தில் தொடங்குகிறது? எந்த இடத்தில் சுத்தமாக இல்லை? எலுமிச்சம்பழ அளவா, உள்ளங்கை அளவா? ஒரே இடத்தில் நிற்கிறதா, நகர்கிறதா? மேல்தோலிலா, ஆழத்திலா? மூன்று மூச்சு அங்கே இருங்கள். பிறகு உள்ளங்கைக்கோ பாதத்துக்கோ வந்து ஐந்து மூச்சு இளைப்பாறுங்கள். மறுபடி மூன்று, மறுபடி ஐந்து. ஒரு தடவைக்கு நான்கு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

இங்கே தமிழ் உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்யும். "வலிக்குது" என்ற பொதுச் சொல்லை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, சரியான சொல்லைத் தேடுங்கள். குத்துகிறதா, குடைகிறதா, கடுக்கிறதா, உளைகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா, சுரீர் என்று பாய்கிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா, மதமதவென்று இருக்கிறதா, பிடித்துக்கொண்டிருக்கிறதா? வலிக்கு இத்தனை வினைச்சொல் வைத்திருக்கிறோம். மருத்துவரிடம் போய் "ரொம்ப வலிக்குது சார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சரியான வினைச்சொல் கிடைத்தால் இரண்டு நன்மை. "தாங்க முடியல", "நாசமாப் போச்சு" போன்றவை உடலுணர்வு இல்லை, தீர்ப்பு என்பது தானாகத் தெரிந்துவிடும். அடுத்து, பெயர் சொல்லிப் பார்க்கும்போது அது மாறிக்கொண்டே இருப்பது தெரியும்: குடைச்சல் இருபது விநாடியில் இழுப்பாகிறது, நடுவில் இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. "நாள் முழுக்க விடாமல் வலிக்கிறது" என்பது மனம் கூட்டிப்போட்ட மொத்தத் தொகை. உடம்பு தருவது சில்லறையாகத்தான்.

பத்துக்கு ஏழுக்கு மேல் வலி இருக்கும் நாளில் இதைச் செய்யாதீர்கள். அன்றைக்குக் கவனத்தை வெளியே அனுப்ப வேண்டும். கண்ணைத் திறந்து வையுங்கள். மூன்று சத்தங்களைக் கேட்டுப் பெயர் சொல்லுங்கள். குதிகால் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள், நான்கு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுவது போல. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். மாத்திரை போட்டால் தியானம் தோற்றுவிட்டது என்று ஒரு கௌரவக் கணக்கு சிலருக்கு உண்டு. அது வீண் பிடிவாதம். தாமாகவே மாத்திரையை நிறுத்துவது ஆபத்தும்கூட, வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் தரும் மருந்துகளை நரம்பு வலிக்கும் தருகிறார்கள் என்பதால். அவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து செய்யும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். கீழ்முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. அசையவே கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். அசைய வேண்டும் என்ற உந்துதல் வரும். ஒரு மூச்சு அதைப் பாருங்கள். பிறகு மெதுவாக, அசைவதையும் கவனித்தபடி, அசைந்துகொள்ளுங்கள். தாங்குதிறன் போட்டி நடக்கவில்லை.

எரிச்சலும் அழுகையும்

இவை பக்கவிளைவு என்று நினைக்கிறீர்கள். இரண்டு வருடமாக உள்ளே இருந்தவைதான். வேலையிலும் செல்போனிலும் மூழ்கிக் கிடந்தபோது தெரியவில்லை, சும்மா படுத்ததும் மேலே வருகின்றன. கைகால் உளைச்சல், மன உளைச்சல் என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பது தற்செயல் போலத் தெரியவில்லை. வலிக்கான அனைத்துலக ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையும் வலியை உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த விரும்பத்தகாத அனுபவம் என்றுதான் சொல்கிறது.

உணர்ச்சியைக் கையாளும் முறை வலியைக் கையாளும் முறையேதான், இடம் மட்டும் வேறு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் நம் பேச்சு வழக்கே வழிகாட்டும். பொறாமையில் வயிறு எரிகிறது, துக்கத்தில் தொண்டை அடைக்கிறது, பயத்தில் அடிவயிற்றில் புளியைக் கரைக்கிறது, கோபத்தில் கை உதறுகிறது, அவமானத்தில் உடம்பு கூசுகிறது. இவற்றை வெறும் உவமை என்று தள்ளாமல் முகவரி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். வீட்டில் ஒருவர், "எப்பப் பாத்தாலும் படுத்தே கிடக்குற" என்கிறார். சுர்ரென்று ஏறுகிறது. வாயைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை: பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். மனசுக்குள் "கோபம் வந்திருக்கு" என்று சொல்லுங்கள். "நான் கோபமா இருக்கேன்" என்று சொல்வதைவிட இது நல்லது. வந்ததற்குப் போகவும் தெரியும். மழை வந்திருக்கு, விருந்தாளி வந்திருக்காங்க என்று சொல்கிற அதே வாக்கியம். அடுத்து, எங்கே? தாடையிலா, நெஞ்சிலா, விரலிலா? அந்த இடத்தில் மூன்று மூச்சு. அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பல நேரம் கோபத்துக்குக் கீழே "நான் சுமையாகிவிட்டேன்" என்ற துக்கம் இருக்கும். பிறகு பேசுங்கள்: "இப்ப வலி ஜாஸ்தியா இருக்கு, அரை மணி கழிச்சுப் பேசலாம்." இவ்வளவும் அரை நிமிடத்துக்குள் நடந்துவிடும், பழகிவிட்டால். உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 2007இல் மேத்யூ லீபர்மனின் குழு கலிஃபோர்னியாவில் செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், முகப்படங்களில் உள்ள உணர்ச்சிக்குச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது பயம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் கொந்தளிப்பு குறைந்தது.

இதில் வழி தவறும் இடங்கள் மூன்று. ஒன்று, "ஏன் எனக்கு இப்படி" என்று தோண்டுவது. ஏன் என்ற கேள்வி உங்களை உடம்பிலிருந்து கதைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். எங்கே, எப்படி, எவ்வளவு என்ற கேள்விகளே போதும். இரண்டு, கோபத்தைக் கவனித்தால் கோபம் போய்விட வேண்டும் என்று எதிர்பார்ப்பது. இது அமுக்குவதன் நாகரிக வடிவம். அமுக்கியது திரும்ப வரும். மூன்றாவதுதான் மோசம்: எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று புரிந்துகொள்வது. ஏற்றுக்கொள்வது இந்த நிமிடத்தில் உடம்பிலும் மனசிலும் ஏற்கெனவே இருப்பதை மட்டும்தான். தப்பான சிகிச்சையையோ, வலியோடு பத்து மணி நேரம் நிற்க வைக்கும் முதலாளியையோ, கை நீட்டும் கணவனையோ ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. தலையெழுத்து என்று விட்டுவிடுவதற்கு மைண்ட்ஃபுல்னஸ் என்ற புதுப்பெயர் வேண்டாம்.

பகலில் மூன்று வேளை ஒரு சின்னப் பயிற்சி செய்யுங்கள், மூன்று நிமிடம். முதல் நிமிடம்: இப்போது என்ன நினைப்பு, என்ன உணர்ச்சி, உடம்பில் என்ன. இரண்டாம் நிமிடம்: மூச்சு மட்டும், வயிறு ஏறி இறங்கும் இடத்தில். மூன்றாம் நிமிடம்: கவனத்தை உடல் முழுதுக்கும் விரிப்பது. ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் மனச்சோர்வு திரும்ப வராமலிருக்க அமைத்த எட்டு வாரப் பயிற்சியின் அச்சாணி இது. 2000இல் வந்த அவர்களுடைய ஆய்வில், முன்பே மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானவர்களில் மீண்டும் விழுந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 66 சதவீதம், இந்தப் பயிற்சியும் சேர்ந்தபோது 37 சதவீதம். இரண்டு முறை மட்டும் வந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. பல் தேய்த்த பின், மதியச் சாப்பாட்டுக்கு முன், விளக்கு வைக்கிற நேரம் என்று ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு முடிச்சுப் போட்டால்தான் மறக்காது.

நடமாட்டம்

படுத்துச் செய்வதோடு நிறுத்தினால் பாதிப் பலன்தான். நாள்பட்ட வலிக்காரர்கள் பலரும், வலி இல்லாத நாளில் ஒரு வாரத் துணியையும் துவைத்து அலமாரியை வேறு ஒழித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க மாட்டார்கள். வலி வந்த பிறகு நிறுத்துவது என்ற பழக்கமே இதற்குக் காரணம். நிறுத்துவதைக் கடிகாரத்திடம் ஒப்படையுங்கள். சமையலறையில் நின்றால் எத்தனை நிமிடத்தில் வலி ஏறுகிறது என்று மூன்று வெவ்வேறு நாள் குறியுங்கள். 12, 18, 15 என்றால் சராசரி 15. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 12. இனி, நல்ல நாளோ கெட்ட நாளோ, 12 நிமிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி நிற்கலாம். வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். நல்ல நாளில் 12 நிமிடத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். "இன்னும் நாலு பாத்திரம்தானே" என்ற அந்த இழுப்பைக் கவனிப்பதும் பயிற்சிதான்.

எட்டு வாரத்துக்கான திட்டம் இப்படி இருக்கலாம். முதல் இரண்டு வாரம் பனிக்கட்டியும் உடல் வலமும். மூன்றும் நான்கும் வலியின் ஓரம், கூடவே மூன்று நிமிடப் பயிற்சி. ஐந்திலிருந்து 15 நிமிடம் உட்கார்ந்து செய்யும் பயிற்சி, 10 நிமிடம் மொட்டை மாடியில் பாதத்தைக் கவனித்தபடி நடப்பது. ஏழாம் வாரம் உணர்ச்சிகள். எட்டில் உங்களுக்கு எது ஒத்துவந்ததோ அது. வாரத்தில் ஆறு நாள் போதும். 45 நிமிடம் செய்ய முடிந்தால் நல்லது. 45 நிமிடம் செய்ய முடியவில்லை என்று ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிட 20 நிமிடம் எவ்வளவோ மேல்.

யார் தனியாகச் செய்யக் கூடாது

விபத்து, வன்முறை, பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றின் நினைவு கண்ணை மூடினாலே திரும்ப வருகிறவர்கள், மனப்பிறழ்வு வந்தவர்கள், இப்போது கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்கள் மனநல மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கண்ணைத் திறந்து, குறைந்த நேரம், வழிகாட்டி ஒருவரோடு. பயிற்சிக்குப் பிறகு உடம்பு தன்னுடையதே இல்லை என்பது போன்ற மரத்த நிலை நீடித்தாலோ, ராத்திரித் தூக்கம் கெட்டாலோ நிறுத்திவிடுங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) அழைக்கலாம்; இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

"நேரா பத்து நாள் விபாசனாவுக்கே போயிடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். விபாசனா என்பது ஊ பா கின் மரபில் வந்த மௌனத் தியான முகாம்; சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் அது நடக்கிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் உட்காருவதும் பேசாமலிருப்பதும் முதுகுவலிக்காரருக்கு முதல் படியாக இருக்க முடியாது. அந்த மரபை இந்தியாவுக்குக் கொண்டுவந்த எஸ்.என். கோயங்கா கடுமையான ஒற்றைத் தலைவலியோடுதான் ஊ பா கின்னிடம் போனார். தலைவலியைப் போக்கத்தான் வந்தீர்கள் என்றால் சேர்க்க மாட்டேன் என்று ஆசிரியர் திருப்பியனுப்பியதைக் கோயங்காவே சொல்லியிருக்கிறார். உங்கள் "குறைஞ்சுதா" பிரச்சினைக்கு எழுபது வருடத்துக்கு முன்பே சொன்ன பதில் அது.

எதை அளப்பது

ஒரு நோட்டில் தினமும் ஒரே ஒரு முறை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், இரண்டு எண்களை எழுதுங்கள். வலி எவ்வளவு, 0 முதல் 10. வலி எவ்வளவு தொந்தரவு செய்தது, 0 முதல் 10. இரண்டும் ஒன்றில்லை. 2011இல் ஃபாடல் ஸைதானின் குழு 15 பேருக்கு நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம் பயிற்சி கொடுத்துக் காலில் சூடு வைத்துச் சோதித்தபோது, வலியின் அளவு 40 சதவீதமும் அதன் தொந்தரவு 57 சதவீதமும் குறைந்தன. ஆய்வகச் சூடு வேறு, இரண்டு வருட முதுகுவலி வேறு. உங்களுக்கு அந்த எண்கள் வராது. ஆனால் எந்த எண் முதலில் அசையும் என்பதற்கு அது நல்ல குறிப்பு. பக்கத்திலேயே அன்று நடந்த நிமிடங்கள், தூங்கிய மணிகள், வலிக்குப் பயந்து விட்டுவிட்ட வேலைகள் ஆகியவற்றையும் எழுதுங்கள். பயிற்சி நடக்கும்போது எண் போடாதீர்கள்.

முதல் மூன்று வாரம் முதல் எண் சற்றுக் கூடவும் செய்யலாம். ஐந்தாறு வாரத்தில் இரண்டாவது எண் ஒன்றோ இரண்டோ இறங்கி, முதல் எண் அப்படியே நின்றால், பயிற்சி சரியான திசையில் போகிறது. எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் எதுவுமே அசையவில்லை என்றால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்; 2016 ஆய்விலேயே இரண்டு பயிற்சிகளுக்கும் அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்கள்தான் எட்டில் ஆறு வகுப்புக்காவது வந்தார்கள், வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கவும் இல்லை. அப்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வலி மருத்துவரையோ, சி.பி.டி. தெரிந்த மனநல ஆலோசகரையோ பாருங்கள். எட்டு வாரக் குறிப்பு கையில் இருந்தால் முதல் சந்திப்பிலேயே வேலை தொடங்கிவிடும்.